ஒப்பன்ஹைமர் படத்தைத் திரையிடுமுன்

ஆசிரியருக்கு,

'ஒப்பன்ஹைமர்' படத்தைத் திரையிடும் யாழ்ப்பாணத்துத் திரைப்பட வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடங்குமுன் இரண்டு விசாரணைகளைப் பலகையில் எழுதிவிடுங்கள்: 1954இல், அணுகுண்டு உருவாக்கத்தை வழிநடத்திய விஞ்ஞானி ஒப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி (அரச இரகசியங்களைப் பார்க்கும் உரிமை) பற்றியது; 1959இல், அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் முன்னாள் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸின் அமைச்சர் நியமனம் பற்றியது. காலம் முன்பின்னாக வருவதால் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். வண்ணத்தில் வருவது விஞ்ஞானியின் பார்வை; கறுப்பு வெள்ளை ஸ்ட்ராஸின் பக்கம்.

குண்டுவெடிப்பைவிட அந்த நெருக்கமான விசாரணை அறையே படத்தின் உயிர். கேள்விக்குக் கேள்வி குறுகிப்போகிறார் ஒப்பன்ஹைமர். அனுமதி பறிக்கப்பட்டது 1954 யூன் 29. மறுநாளோடு அது தானாகவே காலாவதியாக இருந்தது! அந்த அவசரத்தைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள். முடிவை அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் இரத்துச் செய்தது 2022இல், அவர் இறந்து 55 ஆண்டுகளின் பின்.

படம் மூன்று மணிநேரம். வயது வந்தோருக்கான காட்சிகள் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
நல்லூர்.