தரங்கம்பாடிய எல்லா மாசத்துலயும் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம். தரங்கம்பாடின்னாலே எல்லாரும் லீவுல ஒரு நாள் வந்து, 1620ல டேனிஷ்காரங்க கட்ட ஆரம்பிச்ச கோட்டை முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு கெளம்பிடுறாங்க, அது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்குங்க.

நான் ஆறு வருஷமா எல்லா பருவத்துலயும் போறேன். மார்கழி விடியக்காலைல போனா காத்து சில்லுன்னு இருக்கும், மீன் கூடைய எறக்குற சத்தம் மட்டும் கேக்கும். சித்திரைல மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15லேந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கரைல நிக்கும், ஒரு பெரியவர் கால் கட்டைவிரல்ல வலைய மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கிழிசல ஒண்ணொண்ணா முடிஞ்சுக்கிட்டு இருந்தாரு, பக்கத்துலயே ஒரு மணி நேரம் உக்காந்துட்டேன். ஐப்பசி கார்த்திகைல கடல் கலங்கி செம்மண் கலர்ல வரும், மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அலை அடிக்குறத பாத்தா வயித்த கலக்கும், முன்பக்கம் ஏற்கனவே கடல் கொண்டு போனதுதான். 2004 சுனாமியவும் பாத்த ஊரு இது.

மழைக்கு ஒதுங்க, வெயிலுக்கு நிக்க கரையோரம் ரெண்டு கொட்டகை, சுத்தமான ஒரு டாய்லெட் போட்டுக் குடுத்தா குடும்பத்தோட எந்த மாசமும் வரலாம். தயவுசெஞ்சு சம்பந்தப்பட்டவங்க பாக்குற மாதிரி இத போடுங்க சார்.

– ஒரு வாசகர், கும்பகோணம்