அது காட்டு ரோஜா இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் 'நீலகிரியின் காட்டு ரோஜா' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். படம் அழகு, ஆனால் செடி அது இல்லை. ஒவ்வொரு இலையிலும் மூன்றே சிற்றிலைகள், தண்டு முழுக்கச் செம்பழுப்பாய் மயிர் மாதிரி முட்கள், பூக்கள் கொத்தாக வெள்ளையில் – இது மஞ்சள் பழம் காய்க்கிற ராஸ்பெர்ரிப் புதர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பறித்துத் தின்றே சட்டையெல்லாம் கிழித்துக்கொண்டவன் நான், அதனால் இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தவறு நடந்ததில் ஆச்சரியமும் இல்லை. ரோஜா, ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, குன்னூர்ப் பக்கம் விளைகிற பேரிக்காய், பிளம்ஸ் எல்லாமே ஒரே குடும்பம்தான், பல பூக்களும் ஐந்து இதழோடு நடுவில் மகரந்தத் தாள்கள் குவிந்துதான் இருக்கும். ரோஜா என்றால் அடுக்கடுக்காய் இதழ் இருக்க வேண்டும் என்று ஊட்டி ரோஜாப் பூங்காவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அடுக்கெல்லாம் தோட்டத்தில் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்தது, காட்டில் இருப்பதற்கு ஒரே ஒரு வரிசைதான்.

உண்மையான காட்டு ரோஜா நம் மலைகளில் இருக்கிறது. ரோசா லெஷனோல்டியானா என்று பெயர், 1816இல் புதுச்சேரிக்கு வந்து அங்கே தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவாக வைத்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் கொடியாகி மரத்தின் மேலே ஏறிவிடும். பூ வெள்ளை, நல்ல வாசம். இலையில் மூன்றுக்கு மேல், ஐந்தும் அதற்கு மேலுமாகச் சிற்றிலைகள் எதிரெதிரே இருக்கும், காம்பின் அடியில் இலையடிச் செதில்கள் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒட்டியிருக்கும்.

இதழை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். பூவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ரோஜாவில் இதழ்களுக்குக் கீழே சின்னக் குடம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், விதைகள் அதற்குள்ளேதான், பூ உதிர்ந்த பிறகு அதுவே பழுத்துச் சதைப்பற்றாகும். ராஸ்பெர்ரியில் அந்தக் குடம் இருக்காது, பூவின் நடு மேட்டிலேயே குட்டிக் குட்டி மணிகளாகப் பழம் திரளும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: லெஷனோ ரோஜாவின் நடுவில் சூல்தண்டுகள், அதாவது சூலகத்திலிருந்து மேலே நீளும் மெல்லிய தண்டுகள், தனித்தனியாக நிற்காமல் ஒன்று சேர்ந்து ஒரு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கையில் ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் நன்றாகத் தெரியும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குடத்தைப் பார்த்தாலே போதும்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். அப்புறம், உங்கள் புகைப்படக்காரரிடம் சொல்லி வையுங்கள்: பூவை முன்னால் ஒரு படம் எடுத்தால் பின்னால் ஒரு படம், இலையோடு ஒரு படம். பறிக்க வேண்டாம், கொடியைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், முள் வளைந்து இருக்கும்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகன்