பியானோ வாசிப்பவரின் பெயர் எங்கே? நிதி சேர் கச்சேரிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு,

வணக்கம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கக் காசு சேர்க்கிறீர்கள், அதற்காக யாழ்ப்பாணத்தில் குரலும் பியானோவும் மட்டுமாக ஒரு மாலைக் கச்சேரி வைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷத்தில் உடனே ரிக்கெற் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நோட்டீஸைப் பார்த்தேன். பாடுபவரின் படம் பெரிசாக இருக்கிறது, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், அனுசரணை தந்த கடைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, பியானோ வாசிப்பவரின் பெயரை மட்டும் காணவில்லை. அடியில் "பியானோ இசையுடன்" என்று ஒரு வரி. பியானோ என்ன தானாகவா வாசிக்கப் போகிறது?

வயலின், மிருதங்கம், கடம் என்று பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவரின் பெயரையும் போட்டுத்தான் நம் ஊரில் கச்சேரி நோட்டீஸ் அடிப்பார்கள். தவில் கேட்பதற்கென்றே ஆட்கள் கோயில் வீதியில் விடிய விடிய இருந்த ஊர் இது. தவில் மேதை தட்சணாமூர்த்தியை நாதஸ்வரத்துக்குத் துணைக்கு வந்தவர் என்று அவர் வாழ்ந்த அளவெட்டியில் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

உங்கள் நிரலில் இருப்பதோ ஐரோப்பிய இசையமைப்பாளர்களான ஷூபர்ட்டும் ஷூமனும். ஷூபர்ட் 31 வயதில் இறந்துபோனவர், அதற்குள் 600க்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்துவிட்டார், அவற்றில் குதிரை பாய்ந்து ஓடுவதையும் ஓடைத் தண்ணீர் சுழித்துப் போவதையும் நமக்குக் காட்டுவது பியானோதான். ஷூமன் 1840 இல் மட்டும் நூற்றுக்கு மேல் பாடல்கள் எழுதினார். சிலவற்றில் பாடுபவர் நிறுத்திய பிறகும் பியானோ தனியே நெடுநேரம் போய்க்கொண்டிருக்கும், பாட்டு முடிவது அங்கேதான். ஆகவே குரல் ஓய்ந்த உடனே அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து "அருமை, அருமை" என்று தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பியானோவிலிருந்து கை எடுக்கும்வரை பொறுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் நம் சபை கேட்கும், நம் ஆட்கள் அவ்வளவு மோசமில்லை.

இன்னொன்று, பியானோவை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து அன்றைக்கே வாசிக்கக் கொடுக்க வேண்டாம். 88 கட்டைகளுக்குப் பின்னால் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து தொன் கணக்கில் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அடியில் இருப்பது மரப்பலகை, ஈரக்காற்றுப் பட்டால் ஊதும், ஏசி போட்டால் சுருங்கும், சுருதியும் கூடவே போகும். சில நாள் முந்தியே மண்டபத்தில் இறக்கி வையுங்கள், பேந்து சுருதி கூட்டுபவரைக் கூப்பிடுங்கள், அவர் கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தாலும் சரி. செலவைப் பார்த்து "கீபோர்ட் போதும்தானே" என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

பொன்னாடை, உரைகள் எல்லாவற்றையும் இடைவேளையோடு முடித்துவிடுங்கள். சேர்ந்த காசில் எந்தப் பாடசாலைக்கு என்ன வாங்கினீர்கள் என்று பிறகு ஒருக்கால் எழுதிப் போட்டாலும் நல்லது.

முதலில் அந்த நோட்டீஸ். பெயரைச் சேர்த்துத் திருப்பி அடிக்கக் காசு இல்லையென்றால் சொல்லுங்கள், அச்சுக்கூலியை நான் தருகிறேன். அதை நன்கொடைக் கணக்கில் சேர்த்து மேடையில் என் பெயரை மட்டும் வாசித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ரிக்கெற் எடுத்த ஒருவர்