அப்பாவுடன் குறிபார்க்கும் ஞாயிறுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு, அவருடைய தந்தை வீட்டிலேயே சுடுதளம் அமைத்துத் தந்தார் என்பது பலரும் அறிந்ததே. அத்தகைய வசதி இல்லாத நானும் பணி ஓய்வுபெற்ற என் அப்பாவும், ஞாயிறுதோறும் ரைபிள் கிளப்பில் அருகருகே நின்று, அரை மில்லிமீட்டர் அளவேயான நடுப்புள்ளியை நோக்கி மூச்சை அடக்கிச் சுடுகிறோம். குழலை எவர் பக்கமும் திருப்பக் கூடாது, குறிபார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்று சிறுவயதில் எனக்குக் கற்றுத்தந்தவர் அவர். இன்று அவருடைய கை நடுங்கும்போது, துப்பாக்கியை இறக்கிவைத்துச் சற்றுப் பொறுத்துத் தொடங்குமாறு சொல்பவன் நான். வீட்டில் அதிகம் பேசாத நாங்கள் அங்கேதான் மனம்விட்டுப் பேசுகிறோம். பதக்கம் தேடாத இத்தகைய மூத்தோருக்கும் கிளப்புகள் வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்