கற்சிலைமடு நினைவுக் கல்லை அகற்ற வேண்டாம் எனக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம், முல்லைத்தீவு.

மதிப்புக்குரிய ஐயா,

பிரித்தானியரை எதிர்த்து நின்ற வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் பெயரோடு எங்கள் ஊரில் நிற்கும் கல்லை எடுத்துவிட வேண்டும் என்று இங்கே ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. பேசுகிறவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். அவர்களுடைய கோபம் எங்களுக்கும் உண்டு. இவ்விடத்தில் 1803 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று, வென்றவர் பக்கம் நின்று ஆங்கிலத்தில் வெட்டிய கல் அது. தோற்ற மண்ணில் நின்று அதை வாசித்தால் யாருக்கும் சுடும். ஆனாலும் கல் அங்கேயே நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

கல் சொல்வது பாதிக் கதை. அதே ஆண்டு ஓகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தபோது அங்கே பொறுப்பில் இருந்தவர் இதே டிறிபேர்க். படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனார். அப்புறம் பிரித்தானியர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பித்தான் வன்னியை வளைத்தார்கள். இதில் ஒரு வரிகூடக் கல்லில் இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “எங்கட ஆள் தோத்தவரோ?” என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்காகக் கல்லின் பக்கத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஓகஸ்ட் 25ஐச் சொல்லும் பலகை ஒன்று வேண்டும்.

நூதனசாலைக்கு அனுப்பலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். சென்னையில் பிரித்தானியத் தளபதி நீலின் சிலையை எதிர்த்து 1927இல் போராட்டம் நடந்தது. 1937இல் மவுண்ட் ரோட்டிலிருந்து எடுத்தார்கள், பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அது சரி. நீல் சனத்தைக் கொன்று குவித்தது 1857இல் வடக்கே அலகாபாத்தில். சிலையை எடுத்ததால் மவுண்ட் ரோட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. எங்கள் கல்லோ இந்த நிலத்தையே சுட்டிக் காட்டுகிறது. பெயர்த்துக் கொண்டுபோனால் அது வெறும் கல், இது வெறும் காடு.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். தங்கள் மாவட்டத்திலேயே புதுக்குடியிருப்பில், துப்பாக்கியும் கொடியுமாக இலங்கைப் படைவீரன் நிற்கும் போர் வெற்றிச் சின்னம் இருக்கிறது. 2009இல் இறுதிப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அதைக் கடந்துதான் போய் வருகிறார்கள். அதை உடைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கல்லுக்குக் கேட்பதையே அதற்கும் கேட்கிறோம்: அந்த மண்ணில் செத்த பொதுசனத்தைப் பற்றிய எழுத்தும் அதன் பக்கத்தில் வர வேண்டும்.

கல்லைப் பற்றி எந்த முடிவும் எடுக்குமுன், தொல்பொருள் திணைக்கள அதிகாரிகளையும், எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும், மாதர் சங்கத்தையும் கற்சிலைமடுவிலேயே ஒரு கூட்டத்துக்கு அழைக்கும்படி தயவாய் வேண்டுகிறோம். பலகைக்குக் கால் நடுவது, பற்றை வெட்டுவது எல்லாம் சிரமதானமாக நாங்களே செய்து தருவோம்.

நன்றி.

இப்படிக்கு,
கற்சிலைமடு ஊர்மக்கள்,
ஒட்டுசுட்டான்.