மேயருக்கு ஒரு கடிதம்: கோப்பையைக் கேளுங்கள், ஒப்பந்தத்தையும் படியுங்கள்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

வணக்கம். உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்களை நடத்தும் நகரங்களில் நம்முடையதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விண்ணப்பிக்கப் போகிறீர்கள். என் ஆதரவு உங்களுக்கு உண்டு. செலவெல்லாம் நகரத்தின் தலையில் விழும் என்று எதிர்ப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்று தெரிந்துதான் ஆதரிக்கிறேன். அந்தப் பாதியைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

ஆதரிப்பவர்கள் பலரும் சுற்றுலா வருமானம், வேலைவாய்ப்பு என்று கணக்கு காட்டுகிறார்கள். அந்தக் கணக்குகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எனக்குக் கால்பந்துப் பைத்தியம். அதற்கு மேல் 1994 என்ற ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. கால்பந்தே தெரியாத நாட்டுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்று அமெரிக்காவை அப்போது பலர் கேலி செய்தார்கள். 52 ஆட்டங்களுக்கு 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சராசரியாக ஆட்டத்துக்கு ஏறத்தாழ 69,000 பேர். அணிகள் 32, ஆட்டங்கள் 64 என்று பெருகிய பிறகும், 2022 வரை எந்தக் கோப்பையும் அந்த மொத்தக் கூட்டத்தைத் தாண்டவில்லை. இரண்டே வருடத்தில், 1996இல், அங்கே மேஜர் லீக் சாக்கர் என்ற தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கியது.

இதில் முக்கியமானது, அதற்காக அவர்கள் ஒரு ஸ்டேடியம்கூடப் புதிதாகக் கட்டவில்லை. ஒன்பது மைதானங்களுமே ஏற்கெனவே இருந்தவை. டெட்ராய்ட் பக்கத்தில் இருந்த பான்டியாக் சில்வர்டோம் மூடிய கூரை போட்ட அரங்கம். உள்ளே செயற்கைத் தரை, வெயில் போதாது. உலகக் கோப்பைக்கோ இயற்கைப் புல் வேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துப் புல்தரை வல்லுநர்கள் அறுகோண வடிவத்தில் பெரிய பெரிய தட்டுகள் செய்து, அவற்றில் மண்ணும் புல்லும் நிரப்பி, அரங்கத்தின் கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் வைத்து வளர்த்தார்கள். ஆட்டம் நெருங்கியபோது தட்டுகளை உள்ளே கொண்டுபோய், ஒன்றோடொன்று இடைவெளி தெரியாமல் பொருத்திவிட்டார்கள். உலகக் கோப்பை வரலாற்றில் கூரைக்குள் நடந்த முதல் ஆட்டங்கள் அந்தப் புல்லின் மேல்தான் நடந்தன. நம் பொறியாளர்களிடம் எனக்கு வேண்டியது இந்தப் புத்திதான். இருப்பதை வைத்துக்கொண்டு யோசிக்கட்டும்.

புதிதாகக் கட்டியவர்கள் என்ன ஆனார்கள்? ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பைக்காக 2004இல் போர்ச்சுகலில் பத்து மைதானங்களைக் கட்டவோ புதுப்பிக்கவோ செய்தார்கள். லெய்ரியா என்ற சிறிய நகரத்துக்குக் கிடைத்தது இரண்டே ஆட்டம். கடனைத் தாங்க முடியாமல் அந்த நகராட்சி பிற்பாடு மைதானத்தை விற்கப் பார்த்தது, வாங்க ஆள் வரவில்லை. பிரேசிலின் தலைநகர் பிரேசிலியா இன்னும் மோசம். 70,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம். அதை நிரப்பும் அளவுக்குப் பெரிய உள்ளூர் கிளப் கிடையாது. 2014 கோப்பை முடிந்த அடுத்த வருடமே அதன் வளாகத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்திவைத்தார்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான்.

சரி, கட்டாமல் விட்டால் தப்பித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. கனடாவின் டொராண்டோவைப் பாருங்கள். 2026 உலகக் கோப்பைக்காக, இருந்த மைதானத்தையே எடுத்துக்கொண்டு, 17,000க்கும் மேற்பட்ட தற்காலிக இருக்கைகளைச் சேர்க்கும் திட்டம். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் 2018இல் 3 முதல் 4.5 கோடி கனடிய டாலர் ஆகும் என்று சொன்ன செலவு, 2024இல் 38 கோடி என்று வந்து நின்றது. ஆறு ஆட்டங்களுக்கு!

இதன் வேர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒளிபரப்பு உரிமை, பெரிய விளம்பரதாரர்கள், டிக்கெட் என்று காசு கொட்டும் இடமெல்லாம் கோப்பையை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பக்கம். பாதுகாப்பு, போக்குவரத்து என்று நகரத்துக்குள் நடக்கும் செலவெல்லாம் பெரும்பாலும் நகரத்தின் தலையில். மைதானத்தின் பெயரில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் போட்டி முடியும்வரை அதைக்கூட மறைக்க வேண்டும். 2026 கோப்பைக்கு மெட்லைஃப் ஸ்டேடியம் 'நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம்' ஆனது அப்படித்தான். பெயரை மறைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. விதிகள் நடுவில் மாறினால் அந்தச் செலவு யாருடையது என்பதுதான் கவலை.

இதே கவலையில்தான் 2026 கோப்பைக்கான நகரங்களின் பட்டியலிலிருந்து 2018 மார்ச்சில் சிகாகோ விலகியது. 1994 கோப்பையின் தொடக்க ஆட்டம் நடந்த நகரம் அது! வரி கட்டுபவர்களுக்கு எவ்வளவு சுமை வரும் என்பதில் ஃபிஃபா தெளிவு தரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மினியாபோலிஸும் வான்கூவரும் அப்போதே ஒதுங்கின. வான்கூவர் 2022இல் திரும்பி வந்து கேட்டது, ஏழு ஆட்டங்கள் கிடைத்தன. (திரும்பி வந்த பிறகு அங்கேயும் செலவு மதிப்பீடு எகிறியது என்பது வேறு கதை.) ஒருமுறை வேண்டாம் என்று சொன்னால் கதவு மூடிவிடும் என்று உங்கள் அதிகாரிகள் பயமுறுத்தினால், இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள். எழுந்து போகத் தயாராக இருப்பவரிடம்தான் எதிராளி இறங்கிப் பேசுவார். "எப்படியாவது வாங்கிவிட வேண்டும்" என்று நீங்கள் பேட்டி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நம் பேரம் பலவீனமாகிறது. தயவுசெய்து கொஞ்ச நாளைக்கு அந்த வாக்கியத்தைத் தவிருங்கள்.

அப்புறம், பயிற்சி மைதானங்கள். பெரிய ஆட்டங்களில் எல்லாருடைய கண்ணும் ஸ்டேடியத்தின் மேலேயே இருக்கும். அணிகள் தினமும் பயிற்சி எடுப்பது வேறு இடத்தில். அதற்காகப் போடும் புல்தரை, விளக்குகள், வடிகால் எல்லாம் போட்டி முடிந்த மறுநாள் யாருக்குச் சொந்தம் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். பள்ளி அணிகளுக்கும் பெண்கள் அணிகளுக்கும் நேரம் ஒதுக்கி, பூட்டிக்கொள்ளும் வசதியுள்ள தனி உடைமாற்றும் அறைகளோடு அவை கிடைக்க வேண்டும். செலவில் எதையாவது வெட்டியே ஆக வேண்டும் என்றால் விருந்தினர் மாடத்தின் நாற்காலிகளை வெட்டுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

டிக்கெட் விலை உங்கள் கையில் இல்லை என்று தெரியும். பெரிய திரையில் எல்லாரும் சேர்ந்து பார்க்கும் இடம் உங்கள் கையில் வரும். 2006இல் ஜெர்மனியில் டிக்கெட் கிடைக்காதவர்கள் அப்படித்தான் கோப்பையைக் கொண்டாடினார்கள். அதற்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம்.

மன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடும் முன் ஒப்பந்த வரைவையும், நகரம் செலவழிக்கப்போகும் உச்சவரம்பையும் வெளியிடுங்கள். சில பக்கங்கள் ரகசியம் என்றால், எந்தப் பக்கங்கள், யார் கேட்டு ரகசியம் என்பதையாவது சொல்லுங்கள். வாக்கெடுப்பு நாளில் பார்வையாளர் வரிசையில் இருப்பேன். கை தட்டும் ஆசையோடுதான் வருவேன்.

அன்புடன்,
உங்களுக்கு வாக்களித்த ஒரு கால்பந்து ரசிகன்