ரோஜா வாசனைச் சரக்கில் கலப்படம்: புகார் கடிதம்

அனுப்புநர்: சோப்புத் தயாரிப்புக் கூடம், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
பெறுநர்: விற்பனை மேலாளர், வாசனை மூலப்பொருள் பிரிவு.

பொருள்: ரோஜா மணம் தரும் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் 25 கிலோ கேனை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

நீங்கள் அனுப்பிய சரக்குடன் வந்த சான்றிதழ், தூய்மை 99 சதவீதம் என்கிறது. கேனில் இருப்பது அதுவல்ல.

நல்ல சரக்கு 100 மி.லி. குடுவையில் 102 கிராமை ஒட்டி நிற்கும். உங்களுடையது 106 கிராம். குடுவையை உலர்த்தி உலர்த்தி மூன்று தடவை நிறுத்தோம், மாறவில்லை.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. இந்த ஆல்கஹால் தண்ணீரில் 100-க்கு 2 வரை கரையும். ரோஜாவை வடிக்கும்போது இதில் பெரும்பகுதி அத்தரில் நிற்காமல் பன்னீரோடு போய்விடுவது அதனால்தான். ஆகவே 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 1 மி.லி. விட்டு நன்றாகக் குலுக்கினால் தெளிய வேண்டும். பழைய கேனின் மிச்சம் தெளிந்தது. உங்கள் சரக்கோ பால்போல் கலங்கி, அரைமணியில் கடுகளவு எண்ணெய் முத்துகளாக அடியில் இறங்கியது.

தண்ணீரைவிடக் கனம், கரையாது, மணமும் இல்லை என்றால் டிஇபி என்கிற டைஎத்தில் தாலேட் (வாசனைச் சரக்கை நீர்க்கச் சேர்க்கும் திரவம்) மேல்தான் சந்தேகம். அதன் 100 மி.லி. சுமார் 112 கிராம்; 102-க்கும் 112-க்கும் இடையே 106 என்றால், அந்தக் கணக்கில் கலப்பு சுமார் 40 சதவீதம். ஊதுபத்திக்காரர்களுக்கு டிஇபி தேவைதான், ஆனால் அதை அதன் விலைக்குத் தனியாக வாங்குவார்கள்.

சோப்புக்கு இந்த ஆல்கஹாலைத் தேர்வதே, எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவில் உடையாது என்பதற்காக. பென்சைல் அசிடேட் போன்ற எஸ்டர்கள் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த பொருள்கள்) உடைந்துவிடும். டிஇபியும் எஸ்டர்தான். 10 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 300 கிராம் வாசனை சேர்க்கிறோம். அதில் 120 கிராம் டிஇபி முழுதும் உடைந்தால் 43 கிராம் காஸ்டிக்கைத் தின்னும்; சோப்பாகாமல் இருக்கட்டும் என்று 5 சதவீதம் விட்ட மிச்ச எண்ணெய் 7 சதவீதத்தைத் தாண்டும். கட்டி இளகுகிறது, வாசமும் பாதிக்குச் சற்று மேல்தான். ஏற்காடு கடைகளுக்குக் கோடை விழாவுக்கென அச்சில் ஊற்றிய சோப்பை இப்படி அனுப்ப மாட்டோம்.

கேனை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு வேறு லாட்டில் 25 கிலோ அனுப்புங்கள். அந்த லாட்டில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி சோதனையின் வரைபடமும் கூட வர வேண்டும். அச்சடித்த சான்றிதழ் மட்டும் போதாது. 15 நாளில் பதில் இல்லையென்றால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்.

இப்படிக்கு,
தயாரிப்புப் பொறுப்பாளர்கள்

இணைப்பு: பில் நகல், முத்திரையிட்ட மாதிரி 50 மி.லி.